அமெரிக்காவில் எல்.எல்.எம்.: சட்டப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் படிப்பைப் படிக்க நினைக்கும் சட்டப் பட்டதாரிகள் முதலில் தேடி எடுப்பது 'யூ.எஸ். நியூஸ்' வெளியிடும் சட்டப் பள்ளித் தரவரிசையைத்தான். அதில் மேலே இருக்கும் 14 பள்ளிகளைக் குறித்துக்கொண்டு, பணம் இடங்கொடுக்கும் அளவுக்கு விண்ணப்பங்களைப் போட்டுவிட்டு, இடம் கிடைத்தவற்றுள் எது பட்டியலில் முந்தி நிற்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். இது தவறான வழி என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பட்டியல் நீங்கள் படிக்கப்போகும் படிப்பை அளக்கவே இல்லை. அமெரிக்க மாணவர்கள் படிக்கும் மூன்றாண்டு ஜே.டி. படிப்பைத்தான் அது அளக்கிறது. அவர்களுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண், வழக்கறிஞராக அனுமதி பெற எழுதும் பார் தேர்வில் அவர்கள் தேறிய விகிதம், அவர்களுக்குக் கிடைத்த வேலை ஆகியவைதாம் அதன் அடிப்படை. வெளிநாட்டிலிருந்து வந்து ஓராண்டு எல்.எல்.எம். படிப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்த ஜே.டி. கணக்கின் மீதே சர்ச்சை உண்டு. 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும் தரவரிசைக்குத் தகவல் தருவதை நிறுத்துவதாக அறிவித்தன. வேறு பல பள்ளிகளும் தொடர்ந்தன.

அங்கீகாரமும் இப்படித்தான். வழக்கறிஞர்களின் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் ஏறத்தாழ 200 சட்டப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது. அது ஜே.டி. படிப்புக்கான அங்கீகாரம். எல்.எல்.எம். படிப்பை நடத்த அந்தச் சங்கம் தடை சொல்லாமல் இருக்கிறதே தவிர, அதன் தரத்தைச் சோதித்துச் சான்று தருவதில்லை. ஜே.டி. முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். எல்.எல்.எம். மாணவர்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. அதனால் பள்ளியின் இணையதளத்தில் 'எங்கள் பட்டதாரிகளில் இத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தால், அது உங்களைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் எந்தப் பட்டம் என்று தெளிவாகுங்கள்

எல்.எல்.எம். ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் 24 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) அளவுள்ள படிப்பு. எல்சாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஜே.டி. மூன்றாண்டுப் படிப்பு, அதற்கு எல்சாட் வேண்டும், பல பள்ளிகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. வெளிநாட்டில் சட்டம் படித்தவருக்கு அந்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக்கொடுக்கப் பள்ளிகளுக்கு அனுமதி உண்டு என்பதால், சில பள்ளிகள் வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கு இரண்டாண்டு ஜே.டி. நடத்துகின்றன. எல்.எல்.எம்.மில் சேர்ந்து நன்றாகப் படித்தவரை ஜே.டி.க்கு மாற்றிக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. எஸ்.ஜே.டி. என்பது ஆய்வுப் பட்டம். பேராசிரியராக விரும்புவோர் எல்.எல்.எம். முடித்து, பெரும்பாலும் அதே பள்ளியில், அதற்கு விண்ணப்பிப்பார்கள்.

வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவிலேயே வழக்கறிஞராக இருப்பதுதான் ஆசை என்றால், ஓராண்டுப் படிப்பு மலிவு என்று அதில் நுழைந்துவிடாதீர்கள். அங்கே பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் ஏற்பாடு முழுவதும் ஜே.டி. மாணவர்களை மையமாக வைத்தது. அவர்கள் கோடை விடுமுறையில் அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே நிரந்தர வேலையும் பெறுகிறார்கள். எல்.எல்.எம். மாணவருக்கு அப்படியொரு கோடையே இல்லை. வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்காகப் பல பள்ளிகள் சேர்ந்து ஜனவரி வாக்கில் நியூயார்க்கில் நேர்காணல்கள் நடத்துவது உண்டு. அங்கே வரும் நிறுவனங்களில் பல, மாணவர்களைச் சொந்த நாட்டில் உள்ள தங்கள் கிளைக்கு எடுப்பதற்காக வருபவை.

படிப்பு முடிந்த பிறகு என்ன செய்யப்போகிறீர்கள்?

பள்ளிகளின் பெயரை எழுதுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் நான்கு வரி விடை எழுதுங்கள். விடை வராவிட்டால் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடலாம். அதில் இழப்பு ஒன்றும் இல்லை. நல்ல எல்.எல்.எம். வகுப்புகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களே அதிகம். ஸ்டான்ஃபோர்ட் போன்ற பள்ளிகள் முன் அனுபவத்தை வெளிப்படையாகவே எதிர்பார்க்கின்றன. கல்லூரியிலிருந்து நேராகச் செல்பவருக்கு வகுப்பில் கேட்கக் கேள்விகள் குறைவாகத்தான் இருக்கும்.

ஊருக்குத் திரும்பி உயர் நீதிமன்றத்தில் வழக்காடப்போகிறீர்கள் என்றால், அமெரிக்கப் பள்ளியின் பெயர் உங்களுக்குக் கட்சிக்காரர்களைக் கொண்டுவந்து தராது. துறை அறிவு தரும். நடுவர் மன்றம், காப்புரிமை, சர்வதேச வரி, கடல்சார் சட்டம் போல எல்லை தாண்டிய வேலை உள்ள துறை என்றால் அந்த ஓராண்டுக்குப் பொருள் உண்டு. சொத்துப் பாகப்பிரிவினை வழக்கும் குற்ற வழக்குமே உங்கள் தொழில் என்றால், அந்தப் பணத்தையும் காலத்தையும் வேறு வகையில் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்தியாவில் சட்டப் பேராசிரியராக விரும்புவோர் ஒரு சிக்கலை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய பார் கவுன்சில் 2020ஆம் ஆண்டு வகுத்த விதிகள், வெளிநாட்டு ஓராண்டு எல்.எல்.எம். பட்டத்தை இந்திய எல்.எல்.எம்.முக்குச் சமமாக நேரடியாக ஏற்க மறுத்தன. அந்த விதிகள் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகின. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்குவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கொண்டுவந்த விதிமுறைகளும் சட்டப் படிப்பை விலக்கியே வைத்திருக்கின்றன. ஆகவே நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிய விரும்புகிறீர்களோ, அங்கே ஓராண்டு வெளிநாட்டுப் பட்டத்தோடு சேர்ந்தவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் எந்த அடிப்படையில் ஏற்கப்பட்டார்கள் என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தனியார் பல்கலைக்கழகங்களின் நடைமுறை வேறு, அரசு சட்டக் கல்லூரி நியமனம் வேறு.

பார் தேர்வு: பலர் அறியாத ஒரு வழி

நியூயார்க்கில் பார் தேர்வு எழுத வேண்டும், அதற்காகவே எல்.எல்.எம். என்று சொல்பவர்கள் அதிகம். அவர்களில் பலருக்கு எல்.எல்.எம். இல்லாமலேயே அந்தத் தேர்வை எழுதும் தகுதி இருக்கலாம்.

நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 520.6ஆம் விதி, வெளிநாட்டில் சட்டம் படித்தவரை இரண்டு அளவுகோல்களால் பார்க்கிறது. படித்த காலம் அமெரிக்கப் படிப்புக்கு ஈடாக இருக்கிறதா என்பது ஒன்று. படித்த சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைச் சேர்ந்ததா என்பது மற்றொன்று. இரண்டும் நிறைவேறினால் எல்.எல்.எம். தேவையில்லை. ஒன்று குறைந்தால் அமெரிக்க எல்.எல்.எம். அந்தக் குறையை ஈடுசெய்யும். இரண்டும் குறைந்தால் எல்.எல்.எம்.மாலும் பயனில்லை. இந்தியா பொதுச் சட்ட நாடு. நேரில் வகுப்புக்குச் சென்று முழுநேரமாகப் படித்த மூன்றாண்டு எல்.எல்.பி. அல்லது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டம் வைத்திருக்கும் இந்தியர்கள் இப்படி நேரடியாகத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். அஞ்சல் வழியில் படித்த சட்டப் படிப்பு கணக்கில் சேராது. ஒவ்வொருவருடைய ஆவணங்களையும் நியூயார்க் சட்டத் தேர்வாளர் வாரியம் தனித்தனியாகப் பார்த்தே முடிவு சொல்லும். முன்கூட்டியே தகுதி மதிப்பீடு கேட்க அந்த வாரியத்தின் இணையதளத்திலேயே வசதி உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து ஆவணங்கள் நேரடியாக அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால், தேர்வுக்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடுங்கள். எல்.எல்.எம். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே மாறிவிடும். பார் தேர்வுக்கான பாடங்களில் கிரெடிட்டுகளைச் செலவழிக்காமல், உங்கள் துறைப் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

எல்.எல்.எம். மூலமாகத்தான் தகுதி பெற முடியும் என்ற நிலையில் இருப்பவர் பாடத் தேர்வில் கவனமாக இருக்க வேண்டும். நியூயார்க் கேட்பது குறைந்தது 24 கிரெடிட். அதில் தொழில் நெறிமுறைக்கு 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகம் 2, பார் தேர்வில் வரும் பாடங்களில் 6 இருந்தாக வேண்டும். படிப்பு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், அமெரிக்க மண்ணில், நேரில் நடந்ததாக இருக்க வேண்டும். எந்தெந்தப் பாடம் இதற்குச் செல்லும் என்ற பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். சேருவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவின் விதி வேறு. வெளிநாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்து, அந்தப் பதிவு குறையின்றி நடப்பில் உள்ளவர் அங்கே எல்.எல்.எம். இல்லாமலேயே பார் தேர்வு எழுதலாம். சட்டப் பட்டம் மட்டும் வைத்திருந்து எங்கும் பதிவு செய்யாதவருக்குத்தான் அங்கே எல்.எல்.எம். கட்டாயமாகிறது. பதிவை நாளை நாளை என்று தள்ளிப்போடும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேர்வு எழுதும் தகுதி ஒன்று, தேறுவது வேறொன்று. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களின் தேர்ச்சி விகிதம் நியூயார்க்கில் அமெரிக்கப் பட்டதாரிகளைவிட வெகுவாகக் குறைவு. மே மாதம் படிப்பு முடிந்ததும் ஜூலை இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் முழுநேரமாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களின் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும் யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளிநாட்டில் படித்தவருக்குத் தேர்வுக் கட்டணமே 750 டாலர். இதுவும் போதாது, தொழில் நெறிமுறைக்குத் தனித் தேர்வும், 50 மணி நேர இலவசச் சட்ட உதவிப் பணியும் முடித்தால்தான் அனுமதி.

துறையை வைத்துப் பள்ளியைத் தேடுங்கள்

துறை தெளிவானதும் பட்டியலின் முகமே மாறும். தூத்துக்குடியிலோ சென்னைத் துறைமுகத்தையொட்டியோ கப்பல், சரக்கு வழக்குகளைப் பார்ப்பவருக்கு நியூ ஆர்லியன்ஸில் உள்ள டுலேன் பல்கலைக்கழகம் முதல் வரிசையில் வர வேண்டும். கடல்சார் சட்டத்துக்கென்றே அங்கே தனி எல்.எல்.எம். உண்டு. காப்புரிமைக்கு பெர்க்லியும், வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகமும், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபிராங்க்ளின் பியர்ஸ் பள்ளியும் பெயர் பெற்றவை. இவற்றுள் கடைசியில் சொன்னது பொதுத் தரவரிசையில் மிகவும் கீழே இருக்கும். காப்புரிமை வட்டாரத்தில் அதை அறியாதவர் இல்லை. அரசு ஒப்பந்தச் சட்டத்துக்கும் ஜார்ஜ் வாஷிங்டன்தான் முன்னோடி. சுற்றுச்சூழலுக்கு வெர்மான்ட், ஆரிகானில் உள்ள லூயிஸ் அண்ட் கிளார்க், நியூயார்க் அருகிலுள்ள பேஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். சமரசம், நடுவர் மன்றம் என்றால் பெப்பர்டைனின் ஸ்ட்ராஸ் நிறுவனம். மனித உரிமைக்கு நோட்ரடேமும் வாஷிங்டனின் அமெரிக்கன் பல்கலைக்கழகமும். வேளாண்மை, உணவுச் சட்டத்துக்கு ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பே இருக்கிறது. விதை உரிமை, விவசாய ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்பு வழக்குகளைக் கையாளும் நம் வழக்கறிஞர்கள் இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே இருப்பது வருத்தமானது.

வரிச் சட்டத்தில் ஓர் எச்சரிக்கை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரிச் சட்ட எல்.எல்.எம். உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது அமெரிக்கக் கூட்டாட்சி வரிச் சட்டத்தில் வழக்கறிஞர்களைத் தேர்ச்சி பெறச் செய்யும் படிப்பு. இந்தியாவில் வருமான வரித் தீர்ப்பாயத்தில் வாதாடுபவருக்கு அதே பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச வரி எல்.எல்.எம். பொருத்தமாக இருக்கும். பெயரளவில் நெருங்கிய இந்த இரண்டு படிப்புகளின் பாடப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறுபாடு விளங்கும்.

பெரும்பெயர்ப் பள்ளிகளிடையேயும் வேறுபாடு பெரிது. யேல் ஆண்டுக்கு 25 பேர் அளவில்தான் எல்.எல்.எம்.முக்கு எடுக்கிறது, கற்பித்தலையும் ஆய்வையும் நோக்கமாகக் கொண்டவர்களையே தேடுகிறது. ஹார்வர்ட் 180 பேர் அளவில், எல்லாத் துறையினரையும் எடுக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் துறைவாரியாகவே எல்.எல்.எம். நடத்துகிறது. வணிகச் சட்டத்தில் நாட்டம் உள்ளவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியோடு சேர்ந்து தரும் சான்றிதழைப் பார்க்க வேண்டும்.

ஊரும் முக்கியம். வர்த்தகம், நடுவர் மன்றம் என்றால் நியூயார்க்கில் இருப்பதாலேயே மாலைக் கூட்டங்களில் மனிதர்களைச் சந்திக்கலாம். அரசு, சர்வதேச நிறுவனங்கள் என்றால் வாஷிங்டன். சிறு ஊர்ப் பள்ளியில் வாடகை குறையும், பேராசிரியர் உங்கள் பெயரை அறிவார். ஆனால் உங்கள் துறையில் தொழில் செய்பவரைச் சந்திக்கப் பயணம் போக வேண்டும்.

பணம்

முன்னணிப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தொட்டுவிட்டது. தங்குமிடம், உணவு, கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்தால் நியூயார்க்கில் 1,20,000 டாலர் சாதாரணமாக ஆகும். ரூபாயில் ஒரு கோடியைத் தாண்டும் தொகை. இதற்கு எதிரே வேறோர் எண்ணை வையுங்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் ஜூனியர் வழக்கறிஞருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், பிற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கோடி ரூபாய்க் கடனுக்குப் பத்து சதவீதம் என்றால் வட்டி மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம். திரும்பி வந்து சீனியரிடம் ஜூனியராக அமர்பவரால் இந்தக் கடனைக் கட்ட முடியாது. அடகு வைக்கப்படுவது பெரும்பாலும் பெற்றோரின் வீடு. இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

உதவித்தொகை கிடைக்கும் வழிகள் பல. ஹார்வர்ட் போன்றவை குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்து உதவுகின்றன. தரவரிசையில் கீழே உள்ள பல பள்ளிகள் தகுதியைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியையோ அதற்கு மேலோ குறைப்பதுண்டு. ஒரு பள்ளி உதவித்தொகை தந்திருக்கிறது என்றால், அந்தக் கடிதத்தை இணைத்து மற்றொரு பள்ளியிடம் மரியாதையாகக் கூடுதல் உதவி கேட்கலாம். அங்கே இது வழக்கமான நடைமுறை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகை மூன்றாண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது. அதில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் செல்பவர்கள், முடித்த பின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும். இன்லாக்ஸ் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. ஜே.என். டாடா அறக்கட்டளையும் கே.சி. மஹிந்திரா அறக்கட்டளையும் தருவது கடன் உதவித்தொகை, அதாவது திருப்பிக் கட்ட வேண்டியது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகைத் திட்டமும், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் இருக்கின்றன. பட்டியலினத்தவருக்கான மத்திய அரசுத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். எந்தப் படிப்புக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று இந்தத் திட்டங்கள் நிபந்தனை விதிப்பதால், பள்ளிப் பட்டியல் தயாரிக்கும்போதே அந்த அறிவிப்பைப் படித்துவிடுங்கள். கல்விக் கடன் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டுகள் வரை விலக்கு உண்டு.

பள்ளியிடம் நேரடியாகக் கேளுங்கள்

ஐந்தாறு பள்ளிகள் தேறியதும், ஒவ்வொன்றின் எல்.எல்.எம். சேர்க்கை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் எழுதுங்கள். சென்ற ஆண்டு எல்.எல்.எம். முடித்தவர்களில் எத்தனை பேர் அமெரிக்காவில் வேலை பெற்றார்கள், எத்தனை பேர் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். எல்.எல்.எம். மாணவர்கள் ஜே.டி. மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்கிறார்களா, அல்லது அவர்களுக்கென்று தனியாக அறிமுக வகுப்புகள் நடத்தி அனுப்பிவிடுகிறார்களா? நீங்கள் விரும்பும் பேராசிரியர் அந்த ஆண்டு கற்பிக்கிறாரா, விடுப்பில் செல்கிறாரா? அவருடைய வகுப்பில் இடம் குறைவு என்றால் யாருக்கு முன்னுரிமை? உண்மையான கட்சிக்காரர்களுக்காக வேலை செய்யும் சட்ட உதவி கிளினிக்குகளில் எல்.எல்.எம். மாணவரைச் சேர்த்துக்கொள்வார்களா? பல பள்ளிகள் சேர்ப்பதில்லை. எல்.எல்.எம்.முக்கென்று தனி வேலை ஆலோசகர் இருக்கிறாரா?

பதில் தெளிவாக, எண்களோடு வந்தால் அது நல்ல அறிகுறி. 'எங்கள் பட்டதாரிகள் உலகெங்கும் சிறந்து விளங்குகிறார்கள்' என்ற வகையில் வந்தால், அந்தப் பள்ளியைப் பட்டியலின் அடியில் தள்ளுங்கள். உங்கள் துறையில் அங்கே படித்த இந்தியர் ஒருவரின் தொடர்பைக் கேட்டுப் பெற்று அரை மணி நேரம் பேசுங்கள். நல்ல பள்ளிகள் இதற்குத் தயங்குவதில்லை. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அமெரிக்கப் படிப்பு பற்றி ஆலோசனை தரும் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் இருக்கிறது. கமிஷன் வாங்கும் ஏஜென்டுகளிடம் போவதற்கு முன் அங்கே போங்கள்.

விண்ணப்பம்

பெரும்பாலான விண்ணப்பங்கள் செப்டம்பர் வாக்கில் திறக்கும். ஹார்வர்டுக்கு டிசம்பர் 1 கடைசி நாள். மற்ற முன்னணிப் பள்ளிகள் டிசம்பர், ஜனவரியில் முடித்துக்கொள்ளும். அதனால் ஜூன், ஜூலையிலேயே ஆவண வேலையைத் தொடங்க வேண்டும். நமக்கு அதிக நேரம் பிடிப்பது மதிப்பெண் பட்டியல்தான். பல பள்ளிகள், சேர்க்கை ஆவணங்களைத் திரட்டி அனுப்பும் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பின் வழியாகவே ஆவணங்களைப் பெறுகின்றன. அதற்குப் பல்கலைக்கழகமே அனுப்பிய அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் வேண்டும். நியூயார்க் தேர்வாளர் வாரியத்துக்கும் ஒரு பிரதி தேவைப்படும் என்பதால், பல்கலைக்கழகத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல முத்திரையிட்ட பிரதிகளைக் கேட்டுவிடுங்கள்.

நம் சட்டக் கல்லூரிகளில் 60 சதவீதம் முதல் வகுப்பு என்பது அமெரிக்கச் சேர்க்கைக் குழுவுக்குத் தெரியாமல் போகலாம். 58 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுச் சுமாரான மாணவர் என்று முடிவு செய்யக்கூடும். வகுப்பில் உங்கள் இடம் என்ன என்பதைக் கல்லூரியிலிருந்து கடிதமாக வாங்குங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியரும் அதைக் குறிப்பிட்டால் நல்லது.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதியைத் தேடி அலைய வேண்டாம். உங்களை ஒருமுறை பார்த்தவர் எழுதும் நான்கு வரிப் பாராட்டைவிட, உங்கள் மனுக்களைச் சிவப்பு மையால் திருத்திய சீனியர் எழுதும் ஒரு பக்கம் மதிப்புள்ளது. எந்த வழக்கில் எந்தச் சட்டப் பிரச்சினையை நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னீர்கள் என்று அவரால் எழுத முடியும்.

நோக்க அறிக்கையில் சிறு வயதிலிருந்தே நீதி மேல் பற்று என்று தொடங்காதீர்கள். நீங்கள் கையாண்ட ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லுங்கள். கட்சிக்காரரின் அடையாளம் வெளிப்படக் கூடாது. அந்தச் சிக்கலுக்கு உங்களிடம் இருந்த அறிவு ஏன் போதவில்லை, இந்தப் பள்ளியின் எந்தப் பாடம் அதற்கு உதவும், திரும்பி வந்து அதை எங்கே பயன்படுத்துவீர்கள் என்று எழுதுங்கள். பள்ளியின் பெயரை மாற்றினாலும் அறிக்கை அப்படியே பொருந்துகிறது என்றால், அதை மீண்டும் எழுத வேண்டும்.

ஆங்கில வழியில் படித்தவருக்குச் சில பள்ளிகள் டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலிருந்து விலக்கு தருகின்றன. தமிழில் தேர்வு எழுதிச் சட்டம் படித்தவர்கள் அந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்கும். அது அவர்களைத் தடுத்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் தமிழில் சாட்சியை விசாரித்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள்; நல்ல மதிப்பெண்ணோடு அந்த அனுபவத்தையும் எழுதினால் விண்ணப்பம் தனித்து நிற்கும்.

விசாவும் அதற்குப் பிறகும்

இடம் உறுதியாகி, பணம் இருப்பதைக் காட்டியதும் பள்ளி ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றுப் படிவம் அனுப்பும். அதன் பிறகு செவிஸ் என்ற மாணவர் பதிவேட்டுக்கான 350 டாலர் கட்டணம், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், சென்னையில் நேர்காணல். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்கிறது. நேர்காணல் தேதி கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால் ஐ-20 வந்த வாரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் 12 மாதங்கள் ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலை அனுமதி கிடைக்கும். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு சட்டத்துக்குக் கிடையாது. அந்த 12 மாதங்களில் மொத்தம் 90 நாள்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. பார் தேர்வுக்குப் படிக்கும் மாதங்களும் இதற்குள் வந்துவிடாதபடி, ஓ.பி.டி. தொடங்கும் தேதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு மார்ச் மாதத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கென்று 20,000 இடங்கள் தனியாக உண்டு. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து மாறுவோருக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தாலும், நிறுவனங்கள் தயங்குகின்றன. அமெரிக்காவில் வேலை கிடைத்தால் கடனை அடைக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள்.

புறப்படுவதற்கு முன் தமிழ்நாடு பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும் என்பதால், முடிந்தால் அதையும் எழுதி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பதிவுச் சான்றிதழும் அந்தப் பதிவு குறையின்றி நடப்பில் இருப்பதைக் காட்டும் பார் கவுன்சிலின் நன்னிலைச் சான்றும் அமெரிக்காவில் எந்த மாநிலத்தின் பார் தேர்வுக்கு விண்ணப்பித்தாலும் கேட்கப்படலாம். அங்கிருந்துகொண்டு இவற்றை வாங்க வீட்டில் யாராவது உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கும்.